நாலு வருஷத்து பேக்கப், 14 கேபி

ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. பட்டனை அழுத்தினால் உள்ளே விசிறி மட்டும் சுற்றுகிறது, மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மகள், "அம்மா, என் ஃபோட்டோ எல்லாம் போச்சா?" என்று அலறினாள்.

நான் மட்டும் அசையவில்லை. "எதுக்கு இந்தக் கூச்சல்? பேக்கப் இருக்கு" என்றேன்.

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காக நான்கு வருடம் காத்திருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், டெஸ்க்டாப்பில் இருக்கும் பதினோரு ஃபோல்டரையும் மொத்தமாகப் பிடித்து பென்டிரைவில் போடுவேன். 'ஏற்கெனவே இருக்கிறது, மாற்றட்டுமா?' என்று அது கேட்கும். பெரிய மனது பண்ணி 'ஆமாம்' கொடுப்பேன். ஒரு நொடியில் முடிந்துவிடும். என்ன வேகமான பென்டிரைவ் என்று நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு. அதோடு விடவில்லை. காப்பி ஆனதும் பென்டிரைவுக்குள் போய் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து, உள்ளே படங்கள் வருகிறதா என்று சோதித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவ்வளவு பொறுப்பு.

வீட்டுக்காரரின் ஆபீஸ் லேப்டாப்பில் பென்டிரைவைச் சொருகினேன். (முதல் தடவை போகவில்லை. திருப்பினேன், போகவில்லை. மறுபடி திருப்பினேன், போனது. இது உலக வழக்கம்.) பதினோரு ஃபோல்டரும் வரிசையாக நின்றன. 'குடும்பப் படங்கள்' மேல் இரண்டு தட்டு தட்டினேன். சுட்டிக்காட்டும் இடம் இல்லை என்று ஒரு பெட்டி வந்தது. அடுத்தது. அதே பெட்டி. பதினொன்றுக்கும் பதினொரு பெட்டி.

மகள் குனிந்து பார்த்தாள். "அம்மா, எல்லாத்துக்கும் இடது பக்கம் கீழ ஒரு குட்டி அம்பு இருக்கே, பாத்தியா?"

பார்த்தேன். நான்கு வருடமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அது ஃபோல்டர் இல்லம்மா. ஷார்ட்கட்."

எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து அளவு பார்த்தாள். 14 கேபி. இரண்டு வரி அழுகைக் கடிதம் எழுதினால்கூட வேர்டு ஃபைல் அந்த அளவு வரும்.

நடந்தது இதுதான். அசல் ஃபோல்டர்கள் எல்லாம் கம்ப்யூட்டரின் டி டிரைவில் இருந்தன. எனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் அவற்றுக்கு டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்துக் கொடுத்திருக்கிறார். (அந்தப் புண்ணியவான் வீட்டுக்காரர்தான் என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது.) ஷார்ட்கட் என்பது சாமான் அல்ல, சாமான் இருக்கும் இடத்தின் விலாசம். நகையை பேங்க் லாக்கரில் வைக்கிறேன் என்று போய், 'நகை பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது' என்று எழுதிய சீட்டை வாரா வாரம் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதிய சீட்டு, அதுவும் ஒப்புதல் கேட்டு.

அப்படியானால் ஞாயிறுதோறும் திறந்து பார்த்தபோது படங்கள் வந்தனவே? வரும். அதே கம்ப்யூட்டரில் சொருகித்தானே பார்த்தேன். சீட்டில் இருக்கும் விலாசத்தைப் படித்துவிட்டு அது சமத்தாக டி டிரைவுக்குப் போய் அசல் படத்தைக் காட்டியிருக்கிறது. நான் சோதித்தது பென்டிரைவை அல்ல, பீரோவை.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. வீட்டுக்காரர் மட்டும் இருட்டில் ஒரு தடவை "பதினாலு கேபி" என்று முனகினார். தூக்கத்தில் சொன்னாராம்.

பழுது பார்ப்பவர் திங்கட்கிழமை கழற்றிப் பார்த்துவிட்டு, போனது மதர்போர்டுதான், ஹார்டு டிஸ்க் பிழைத்துக்கொண்டது என்றார். டிஸ்க்கைத் தனியே எடுத்து ஒரு யுஎஸ்பி டப்பாவுக்குள் போட்டுக் கொடுத்தார். எல்லாம் இருந்தது. நான் செய்த எதனாலும் அல்ல.

இனிமேலாவது ஒழுங்காக ஒரு வழி செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்.

அண்ணனுக்கு எதிலும் விதிமுறை வேண்டும். "3-2-1 தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தார். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் அங்கே நிற்கவில்லை. இரண்டு டிஸ்க் போட்ட ஒரு பெட்டி, அதில் ரெய்டு, அதாவது ஒன்றில் நடப்பதெல்லாம் அப்படியே இன்னொன்றிலும் நடக்கும் ஏற்பாடு, ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்று கைகளை ஆட்டி விளக்கினார். "நான் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால்?" என்றேன். "ரெண்டுலயும் அழியும்" என்றார். அதாவது என் தப்பை உடனுக்குடன் நகலெடுத்து வைக்கும் இயந்திரம். எங்கள் வீட்டில் டிஸ்க்கைவிட அதிகம் பழுதாவது நான்தான். எனவே வேண்டாம்.

மகளுக்கு எல்லாம் கிளவுட், அதாவது இணையத்தில் ஒரு சேமிப்பு இடம். "மேல போட்டுடும்மா, அவ்ளோதான்." எங்களிடம் இருந்தது 210 ஜிபி. கூகுள் சும்மா கொடுப்பது 15. சரி, காசு கொடுத்தே வாங்குவோம், மேலே ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். எங்கள் இணைப்பில் அப்லோடு வேகம் நொடிக்கு 10 மெகாபிட். நிற்காமல் ஓடினாலும் 46 மணி நேரத்துக்கு மேல். நிற்காமல் எதுவும் எங்கள் வீட்டில் ஓடியதில்லை, நான் உட்பட.

இருந்தாலும் ஒரு ஃபோல்டரை மட்டும் ஏற்றிப் பார்த்தோம். ஏறியது. சந்தோஷத்தில், 'அதுதான் மேலே பத்திரமாக இருக்கிறதே' என்று கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். மேலே இருந்ததும் அழிந்தது. மகள் தலையில் அடித்துக்கொண்டு, குப்பைத்தொட்டிக்குள் போய் மீட்டாள். அங்கே முப்பது நாள் வைத்திருப்பார்களாம். இப்படி இரண்டு இடத்தையும் எப்போதும் ஒரே மாதிரி வைப்பதற்கு சிங்க் என்று பெயராம். சிங்க் என்பது வேறு, பேக்கப் என்பது வேறு. சிங்க் நிழல் மாதிரி. ஆள் கிணற்றில் குதித்தால் நிழலும் குதிக்கும்.

வீட்டுக்காரர் சிக்கனவாதி. டிராயரில் கிடந்த 32 ஜிபி பென்டிரைவ்களைத் தேடி எடுத்து, பிரித்துப் பிரித்து போட்டுக்கொள்ளலாம் என்றார். மகளின் நாடக வீடியோ 6 ஜிபி. முழுக்கக் காலியான பென்டிரைவ் அதைப் பார்த்து, ஃபைல் பெரிது, எடுத்துக்கொள்ள முடியாது என்றது. பழைய ஃபேட்32 அமைப்பாம் அது. தனி ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, உள்ளே எவ்வளவு இடம் இருந்தாலும். காலி பஸ்ஸில் குண்டானவருக்கு டிக்கெட் தராத கண்டக்டர்.

கடைசியில் 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கினோம். சொருகியதும் 931 ஜிபி என்று காட்டியது. வீட்டுக்காரர் ஏமாந்துவிட்டோம் என்று பில்லைத் தேட ஆரம்பித்தார். ஏமாற்று இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஒரு லட்சம் கோடி பைட் தருகிறார்கள். விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. ஒரே அரிசி, இரண்டு படி. அவர் நம்பவில்லை. இரண்டு டிஸ்க்குக்கும் சேர்த்து 138 ஜிபி தனக்கு வர வேண்டியிருக்கிறது என்று இன்றுவரை கணக்கு வைத்திருக்கிறார்.

காப்பி எடுக்க விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி என்று ஒன்று இருக்கிறது. 2012-ல் விண்டோஸ் 8-லிருந்து தேமே என்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு தடவை ஆன் செய்து டிரைவைக் காட்டிவிட்டால், டிரைவ் சொருகியிருக்கும்போது மணிக்கொரு தடவை மாறியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். போன வாரம் நான் கெடுத்த எக்செல் ஷீட்டை அதற்கு முந்தைய நாள் நிலையில் எடுக்க முடிந்தது. என் சுபாவத்துக்கு இதுதான் சரி, ஏனென்றால் இதில் நான் எதையும் பிடித்து எங்கும் போட வேண்டியதில்லை. மேக் வைத்திருப்பவர்களுக்கு 2007 முதல் டைம் மெஷின் இருக்கிறது. அவர்கள் இதைப் படித்து இவ்வளவு நேரம் சிரித்திருப்பார்கள்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஆவணங்கள், படங்கள், டெஸ்க்டாப் மாதிரி சில இடங்களைத்தான் அது தானாக எடுக்கும். என் டி டிரைவை அது ஏறெடுத்தும் பார்க்காது. டெஸ்க்டாப்பை எடுக்கும், அதில் இருக்கும் ஷார்ட்கட்களைப் பத்திரமாக எடுக்கும்! அதே 14 கேபி, இம்முறை மணிக்கொரு தடவை. நல்லவேளை, புதுக் கம்ப்யூட்டரில் முதல் வேலையாக எல்லாவற்றையும் டாக்குமெண்ட்ஸுக்குள் நகர்த்திவிட்டு, ஷார்ட்கட்களை ஒன்றுவிடாமல் அழித்தேன். அழித்தபோது வந்த நிம்மதி தனி.

டிரைவை எப்போதும் சொருகியே வைக்க வேண்டாம் என்று அண்ணன் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். 2017 மே மாதம் வான்னாக்ரை வந்து உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டியதே, அந்த மாதிரி வைரஸ் சொருகியிருக்கும் டிரைவையும் சேர்த்துப் பூட்டும். அதனால் ஞாயிறு காலையில் சொருகி, ராத்திரி கழற்றி, அலமாரிக்குப் போகிறது. சான்றிதழ், பத்திர ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஒரு ஜிபிகூட இல்லை. அது மட்டும் கிளவுடில்.

இரண்டாவது டிரைவ் அக்கா வீட்டில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வாங்கி வந்து புதுப்பித்துக் கொடுக்கிறேன். திருப்பிக் கொடுக்கும்போது அக்கா லேப்டாப்பில் சொருகி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஃபைலைத் தட்டித் திறக்கிறேன். அம்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். அக்கா, "ஏன்டி இப்படி உத்து உத்துப் பாக்குற?" என்பாள். சொல்லவில்லை.

போன மாதம் அக்காவிடமிருந்து ஃபோன். "உன் டப்பாவை என் பையன் எடுத்து கேம் பெட்டியில சொருகினானாம். ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சாம். சரின்னு அமுக்கிட்டானாம். ஒண்ணும் ஆகாதுல்ல?"

210 ஜிபியும் போய், அந்த இடத்தில் கார் ரேஸ். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், நான் பதறவே இல்லை. வீட்டு அலமாரியில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று இருக்கிறதே. டிரைவை வாங்கி வந்து மறுபடி முழுசாகக் காப்பி போட்டேன். திருப்பிக் கொடுக்கும் முன் மேலே வெள்ளைத் தாள் ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'கணக்குப் பாடம் - கூடுதல் பயிற்சித் தாள்கள்.'

அதற்கப்புறம் அந்தப் பிள்ளை அந்த அலமாரிப் பக்கமே போவதில்லையாம்.