வாடகைக்கு விட குரோம்பேட்டைல பழைய ஃபிளாட் வாங்குன அனுபவம்

வாடகைக்கு விட ஃபிளாட் எப்படி வாங்குனேன்னு ரொம்ப பேர் இன்பாக்ஸ்ல கேட்டுட்டே இருக்கீங்க, ஒரே இடத்துல எழுதிடறேன். நான் அக்கவுண்ட்ஸ் வேலை பாக்குறவ, நாங்க குடியிருக்கிறது வேற வீடு, இது சுத்தமா வாடகைக்கு விடணும்னே வாங்குனது. சென்னைல, ரீசேல், பழைய அபார்ட்மென்ட். புது பில்டர் ஃபிளாட் வாங்குறவங்களுக்கு ரூல்ஸ் கொஞ்சம் மாறும், அத இதோட குழப்பிக்காதீங்க.

மொதல்ல ஏரியா. எங்க சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னது ஓஎம்ஆர், கிளப் ஹவுஸ் ஸ்விம்மிங் பூல் இருக்கிற கம்யூனிட்டி. நான் என்ன யோசிச்சேன்னா அங்க நான் இருக்கப் போறதில்ல, இருக்கப் போறவங்க யாரு, அவங்களுக்கு என்ன வேணும்? ஒரே கேட்டுக்குள்ள அம்பது வீடு காலியா இருந்தா நம்ம வீட்டுக்கு என்ன மரியாதை, வாடகைய குடி வர்றவங்கதான் சொல்லுவாங்க. குரோம்பேட்டைனா எம்ஐடி காலேஜ் இருக்கு, அடுத்த ஸ்டேஷன் சானடோரியம், அங்க மெப்ஸ் (ஏற்றுமதி கம்பெனிங்க இருக்கிற வளாகம்), நேஷனல் சித்தா ஆஸ்பத்திரி, நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி, ஜிஎஸ்டி ரோடு பஸ், எலக்ட்ரிக் ட்ரெயின். ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல ரெண்டு பெட்ரூம் வீடு காலியாச்சுன்னா ஆள் வந்துட்டே இருக்கும். பளபளப்பு இல்லாத வீடுதான், இருந்தா என்ன.

வீடு பாக்கப் போறப்ப புரோக்கர் கூட மட்டும் போகாதீங்க. இன்னொரு நாள் சாயங்காலம் தனியா போய் வாட்ச்மேன்கிட்டயும் தெருமுனைல இஸ்திரி போடுறவர்கிட்டயும் பேசுங்க, அவங்களுக்குத் தெரியாதது கிடையாது. நான் பாத்த ஒரு பில்டிங்ல வாட்ச்மேன் அண்ணன்கிட்ட "தண்ணி எப்படிண்ணே"ன்னு கேட்டேன். "போர் தண்ணி மே மாசம் வரைக்கும் இழுக்கும்மா, அப்புறம் லாரிதான், லாரி காசு மெயின்டனன்ஸ்ல ஏறும்"னாரு. அவரே பார்க்கிங்ல கூட்டிட்டுப் போய் காட்டுனாரு, தூண்ல இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, மேல பெயிண்ட் அடிச்சும் லேசா தெரியுது, பக்கத்துல இபி மீட்டர் பாக்ஸ் பழைய இடத்துலருந்து பேத்து தலைக்கு மேல வச்சிருக்காங்க, பழைய இடத்துல சிமெண்ட் பூசுன சதுரம் அப்படியே இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளம். புரோக்கர் சொன்னது "இங்க தண்ணியே நிக்காது மேடம்". அந்த வீட்ட அங்கயே விட்டுட்டேன். மீட்டர் பாக்ஸ் எந்த உயரத்துல இருக்குன்னு பாக்குறது அதுலருந்து எனக்கு வழக்கமாயிடுச்சு.

கடைசில அமைஞ்சது முதல் மாடி, 780 சதுர அடி, யூடிஎஸ், அதாவது மனைல நம்ம பேருக்கு வர்ற பிரிக்காத பங்கு, 400 சதுர அடிக்கு கொஞ்சம் மேல. பழைய ஃபிளாட்ல யூடிஎஸ்தான் உயிரு. கட்டடம் வருஷா வருஷம் மதிப்பு குறையும், நாளைக்கு இடிச்சுக் கட்டுனாலும் உங்க பங்கு மனை எவ்ளோவோ அதுதான் பேசும். லிப்ட் இல்ல, அதனாலதான் இரண்டாவது மாடி வேணாம்னேன்.

இப்ப கணக்கு, இதத்தான் பொறுமையா படிக்கணும். விலை 44 லட்சம். வாடகை 14,000 வரும், வருஷத்துக்கு 1,68,000, கிட்டத்தட்ட நாலு பர்சன்ட்னு புரோக்கர் சொன்னாரு. ஆனா முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதுவே நாலு லட்சத்துக்கு பக்கம் (2023 ஏப்ரலுக்கு முன்னாடி இது 11ஆ இருந்துச்சு, ஆனா அப்ப அரசு குறிக்கிற வழிகாட்டி மதிப்பு, அதாவது கைடுலைன் வேல்யூ, கம்மி). புரோக்கருக்கு ஒரு சதவீதம், வக்கீல், பேங்க் ப்ராசஸிங், பாத்ரூம்ல டைல்ஸ் மாத்துனது, பெயிண்டிங், எல்லாம் சேத்து 50 லட்சத்த தொட்டுடுச்சு. வருமானப் பக்கம் வருஷத்துல ஒரு மாசம் காலி இருக்கும்னு வச்சுக்கிட்டு, சொத்து வரி, மோட்டார் குழாய்னு ரிப்பேர் கழிச்சா கைல நிக்கிறது 1,40,000. அம்பது லட்சத்துக்கு 2.8 சதவீதம்! எஃப்டில போட்டா இதவிட ஜாஸ்தி, அதுல சந்தேகமே வேணாம். வீட்டு விலை ஏறுறதுலதான் மிச்ச லாபம், அதுக்கு யாரும் கேரண்டி குடுக்க மாட்டாங்க. எனக்கு பதினஞ்சு இருபது வருஷம் கழிச்சு ரிட்டயர்மென்ட்ல மாசா மாசம் ஒரு தொகை வரணும், அதுக்காக வாங்குனேன்.

லோன் 25 லட்சம், எட்டரை பர்சன்ட், 20 வருஷம், இஎம்ஐ 21,700 கிட்ட. "வாடகையே இஎம்ஐ கட்டிடும்"னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க, மாசம் பத்தாயிரம் என் சம்பளத்துலருந்துதான் போகுது. பேங்க் விலைல 80 சதவீதம் வரைக்கும் தர ரெடியா இருந்தாங்க, நான்தான் வேணாம்னேன். இன்னொன்னு, பதிவுச் செலவு லோன் கணக்குல வராது, அது உங்க கைக்காசு, நிறைய பேர் அட்வான்ஸ் குடுத்துட்டு அங்கதான் முழி பிதுங்குறாங்க.

டேக்ஸ்ல வாடகைல சொத்து வரிய கழிச்சு மீதில 30 சதவீதம் தள்ளுபடி, எந்த பில்லும் வேணாம். லோன் வட்டியும் கழிக்கலாம். ஆனா புது ரெஜிம்ல (புது வருமான வரி முறை) இருந்தா, வட்டி போக வர்ற நஷ்டத்த சம்பளத்துல கழிக்க முடியாது. பழைய ரெஜிம்ல 2 லட்சம் வரைக்கும் முடியும். வரி மிச்சமாகும்னு நெனச்சு வாங்குறவங்க மொதல்ல எந்த ரெஜிம்னு பாருங்க.

பேப்பர். வில்லங்கச் சான்றிதழ் (ஈசி) பதிவுத்துறை சைட்லயே இலவசமா பாக்கலாம், குறைஞ்சது முப்பது வருஷம் பாருங்க. ஆனா ஈசி கிளீனா இருக்குன்னு தூங்கிடாதீங்க, பதிவான விஷயம்தான் அதுல வரும், பதிவாகாத உயில், கோர்ட் கேஸ் இதெல்லாம் வராது. தாய்ப்பத்திரத்துலருந்து வரிசையா ஒவ்வொரு பத்திரமும் ஒரிஜினல்ல கண்ணால பாக்கணும், ஜெராக்ஸ்னா ஏன்னு கேக்கணும். பிளான் அப்ரூவல்ல எத்தனை வீடு, நிஜத்துல எத்தனை வீடுன்னு எண்ணிப் பாருங்க, மொட்டை மாடில ஒரு வீடு எக்ஸ்ட்ராவா முளைச்சிருக்கும்! பேங்க் வக்கீல் பாத்துட்டாரேன்னு விட்டுடாதீங்க, அவர் பேங்குக்காக பாக்குறாரு, நமக்குன்னு ஒருத்தர் தனியா வேணும்.

விக்கிறவங்க ஒரு ரிட்டயர்ட் அங்கிள், நல்ல மனுஷர்தான், ஆனா "கைடுலைன் வேல்யூக்கு பத்திரம் போட்டுக்கலாம்மா, மிச்சத்த கேஷா குடுத்துடு, உனக்கும் ஸ்டாம்ப் மிச்சம்"னாரு. முடியாது அங்கிள்னுட்டேன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நாளைக்கு நான் விக்கிறப்ப வாங்குன விலை பத்திரத்துல இருக்கிறதுதான், ஒளிச்ச காசுக்கு அன்னைக்கு நான் வரி கட்டணும். விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ போனா வாங்குறவங்கதான் 1 சதவீதம் டிடிஎஸ் (விக்கிறவர் பேர்ல முன்கூட்டியே கட்டுற வரி) பிடிச்சு கட்டணும், விக்கிறவர் வெளிநாட்டுல இருக்கிற என்ஆர்ஐனா விலை கம்மியா இருந்தாலும் டிடிஎஸ் உண்டு, ரேட்டும் ஜாஸ்தி, ஆடிட்டர் இல்லாம இறங்காதீங்க.

பதிவு அன்னைக்கு பெருசா சொல்ல ஒன்னுமில்ல. டோக்கன், ரெண்டு சாட்சி, ஆதார், கைரேகை, போட்டோ. அங்கிளுக்கு வயசாகி ரேகை தேஞ்சு போய் மெஷின் எடுக்கவே மாட்டேங்குது, கைய தொடச்சு தொடச்சு வச்சு ஒரு வழியா விழுந்துச்சு.

வாடகைக்கு விடுறது. தமிழ்நாட்டுல 2017ல போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரிலருந்து அமல்ல இருக்கு, எழுத்துல அக்ரிமெண்ட் போட்டு வாடகை ஆணையத்துல பதியணும், ஆன்லைன்லயே பண்ணலாம். அக்ரிமெண்ட்ல வேற மாதிரி ஒத்துக்கலைன்னா அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. பத்து மாச அட்வான்ஸ் கேக்குற ஓனர்ஸ் இன்னும் இருக்காங்க, நான் மூணுதான் வாங்குனேன், அதனாலயே நல்ல ஆளுங்க நிறைய பேர் வந்தாங்க. செலக்ட் பண்ணது ஆஸ்பத்திரில வேலை பாக்குற ஒரு நர்சும் அவங்க வீட்டுக்காரரும். ஒரு புரோக்கர் 16,500க்கு ஆள் கொண்டு வந்தாரு, ஆறு மாசத்துல மாறிடுவோம்னு அவங்களே சொன்னாங்க. ஆள் மாறும்போது ஒரு மாசம் காலி, திரும்ப பெயிண்டிங், திரும்ப கமிஷன், கூட வர்ற 2,500 எங்க போய் நிக்கும்?

சாவி குடுக்குற அன்னைக்கு ரூம் ரூமா வீடியோ எடுத்து ரெண்டு பேர் வாட்ஸ்அப்லயும் போட்டுக்கங்க, மீட்டர் ரீடிங் போட்டோ கட்டாயம், ஏன்னா இபி பில் ரெண்டு மாசத்துக்கு ஒருதடவ வரும், யாரு எவ்ளோ ஓட்டுனாங்கன்னு அப்புறம் பஞ்சாயத்து. சொத்து வரிலயும் இபிலயும் பேர் மாத்திடுங்க, பத்திரம் காப்பி இருந்தா ரெண்டுக்கும் ஆன்லைன்ல மனு போடலாம். சொத்து வரிய அரையாண்டு தொடங்குன முதல் 30 நாளுக்குள்ள, அதாவது ஏப்ரல், அக்டோபர்ல கட்டுனா 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அசோசியேஷன்ல பழைய ஓனர் மெயின்டனன்ஸ் பாக்கி இல்லைன்னு ஒரு லெட்டர், அத மட்டும் பதிவுக்கு முன்னாடியே வாங்கிடுங்க, பத்திரம் முடிஞ்சதுக்கு அப்புறம் ஃபோன எடுக்க மாட்டாங்க.