ஓட்டை போட்ட டிக்கெட்

குளிர்காலம் முடியப்போகிற ஒரு சனிக்கிழமை, தோழியைக் கூட்டிக்கொண்டு ஓவியக் கூடத்துக்குப் போய்வந்தேன். பென்சிலில் வரையப் பழக ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிறது. மூல ஓவியத்தின் முன்னால் நின்று வரைவது இது மூன்றாம் தடவை. முதல் இரண்டு தடவையும் கண்ணில் பட்டதையெல்லாம் வரைய ஆசைப்பட்டு, ஒன்றும் உருப்படியாக வரவில்லை. அதனால் இந்த முறை உள்ளங்கை அளவில் ஆறு கட்டங்களை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனேன். கட்டத்துக்கு ஒரு படம், பத்து நிமிடம். வெளிச்சம், நடுத்தரம், இருள் என்று மூன்றே டோன்.

எடுத்துப் போனது ஹெச்பி, 2பி, 4பி பென்சில்கள் (பி எண் கூடக்கூட முனை மென்மையாகி, கோடு கறுப்பாக விழும்), பிசைந்து ஒற்றியெடுக்கிற ரப்பர், சின்ன ஸ்கெட்ச் புத்தகம். பெரும்பாலான கூடங்களில் பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி; பேனா, கரி, வாட்டர்கலர் எல்லாம் வாசலோடு சரி. கோட்டையும் பையையும் கொடுத்துவிட்டு உள்ளே போன பிறகுதான், பென்சில் சீவி கோட்டுப் பையிலேயே இருப்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகச் சோம்பல். கடைசிவரை மழுங்கின 4பிதான். நிழல் போட அதுவே வசதியாக இருந்தது என்பது வேறு விஷயம்.

முதலில் வாட்டர்கலர் அறை. காகிதத்தில் வரைந்தவை வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும், வெளுத்தது திரும்பாது. அதனால் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலாகத்தான் விளக்கு வைப்பார்கள். கண் பழகவே சில நிமிடம் ஆனது. போதாததற்கு, என் வெள்ளைச் சட்டை ஒவ்வொரு கண்ணாடிச் சட்டத்திலும் பளிச்சென்று தெரிந்தது. தோழி கறுப்பு ஸ்வெட்டர்; அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு கட்டங்கள் நிரம்பின, இரண்டும் சுமார்.

"நீ வரைஞ்சு முடி, நான் மத்த ரூமெல்லாம் பாத்துட்டு வரேன்" என்று போனவள், கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து நின்றாள். சிரித்தேன். ஆனால் அவள் மட்டும் அப்படியில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் செய்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் ஓவியத்தின் முன் மக்கள் நிற்பது சராசரியாக 27 வினாடிதான்.

மூன்றாவதாக, பனி மூடிய வயல் ஒன்றின் எண்ணெய் ஓவியம். வெயில் சாய்ந்த நேரம், வேலியின் நிழல் குறுக்கே நீண்டு கிடக்கிறது. பனி வெள்ளைதானே என்று கட்டத்தில் பாதியை அப்படியே வெறும் காகிதமாக விட்டுவிட்டு, வேலியையும் மரத்தையும் வரைந்துகொண்டிருந்தேன்.

"ஏய், இதுல வெள்ளை எங்க இருக்கு?" என்றாள்.

ஸ்கெட்ச் புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தை ஓவியத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். (காவலர் இரண்டடி நெருங்கி வந்தார், நாங்கள் இரண்டடி பின்னால் போனோம்.) வெயில் படுகிற பனி மஞ்சள் கலந்த பாலாடை நிறம். நிழல் விழுந்த பனி எந்த நிறம் என்று சொல்லவே முடியவில்லை. நுழைவு டிக்கெட்டில் பென்சிலால் ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியே அந்த இடத்தை மட்டும் பார்த்தோம். நல்ல நீலம், லேசாக ஊதா. சுற்றியிருப்பதை மறைத்தால்தான் அது தெரிகிறது. இல்லாவிட்டால் 'பனி வெள்ளை' என்று மூளை திருத்திக்கொள்கிறது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் பிடிபட்டது. நிழல் விழுந்த பனி, வானத்தைவிட இருட்டு. நான் வானத்துக்கு நடுத்தரமும் பனிக்கு வெறும் காகிதமும் கொடுத்திருந்தேன். அப்படியே தலைகீழ்!

அடுத்த கட்டத்தில் அதே படத்தை மறுபடி போட்டேன். பத்து நிமிடக் கணக்கெல்லாம் போய், நாற்பது நிமிடம் ஆனது. இந்த ஏழு மாதத்தில் தூரத்திலிருந்து பார்த்தாலும் 'பனி' என்று தெரிகிற முதல் படம் அது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1868-69-ல் வரைந்த 'மேக்பை' (ஒரு பறவையின் பெயர்) பனிக்காட்சியிலும் இதே நீல நிழல்தான். பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோனில், 1869-ல், அதைச் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். அந்த நிழலை அச்சில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அழகுக்காகப் போட்ட நிறம் என்றே நினைத்திருந்தேன்.

அப்புறம் கால் வலி. மற்ற இரண்டு கட்டங்கள் காலி.

வெளியே வந்தபோது வானம் தெளிவாக இருந்தது, சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தின் ஓரத்தில் உருகாமல் மிச்சமிருந்த பனிக்குவியல்மேல் ஒரு கம்பத்தின் நிழல். தோழி டிக்கெட்டை எடுத்து ஓட்டை வழியே பார்த்தாள், என்னிடமும் கொடுத்தாள். நீலம்தான். நேர் வெயில் படாத இடத்துக்கு வானத்தின் ஒளி மட்டும்தானே வந்து சேர்கிறது.

வீட்டுக்கு வந்து அதை வாட்டர்கலரில் முயன்றேன். அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு கொஞ்சம் கூடிப்போய்ச் சேற்று நிறமாகிவிட்டது. நாளைக்கு மறுபடி. டிக்கெட்டை அவள் எடுத்துப் போய்விட்டதால், வேறு அட்டையில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன்.