கடன்தான் கட்டியாச்சே என்று இருந்தேன்

திருச்சியில் இருந்த எங்கள் வீட்டை 2023-இல் விற்றேன். விற்க முடிவு செய்ததும் முதலில் செய்தது பெயின்ட் அடித்ததுதான். வீடு பளிச்சென்று இருந்தால் இரண்டு மூன்று லட்சம் கூட வரும் என்று புரோக்கர் சொன்னார். உள்ளே வெளியே எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் ஆனது. வாங்க வந்தவர் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேப்பை எடுத்து மனையின் நான்கு பக்கமும் அளந்துவிட்டு, "எதுக்கு சார் பெயின்ட்டுக்கெல்லாம் செலவு பண்ணீங்க? நான் இடிச்சுட்டுத்தான் கட்டப்போறேன்" என்றார். 1980-களில் கட்டிய வீடு. மனைக்குத்தான் விலை, கட்டடம் கணக்கிலேயே இல்லை. அருகில் இருந்த என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சரி, 62 லட்சத்துக்குப் பேசி முடித்து, அட்வான்ஸ் வாங்கி, மூன்று மாத அக்ரிமென்ட் போட்டோம். அதுவரை சிக்கல் இல்லை.

அடுத்த வாரமே, வீட்டின் ஈ.சி.யை, அதாவது வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டு வாங்குபவரின் வக்கீல் போன் செய்தார். "ஈ.சி.யில 2008-ல போட்ட எம்.ஓ.டி. அப்படியே நிக்குதே சார்?"

எனக்குப் புரியவில்லை. 2008-இல் கடன் வாங்கித்தான் வீட்டை வாங்கினேன், உண்மை. 2019-இல் கடைசித் தவணையும் கட்டி, மூலப்பத்திரத்தைத் திரும்ப வாங்கி, பாக்கி இல்லை என்று வங்கி தரும் நோ டியூ கடிதத்தோடு பீரோவில் பூட்டி வைத்தேன். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

இருக்கிறது. கடன் வாங்கும்போது பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். அதுதான் எம்.ஓ.டி. கடன் முடிந்தால் அந்தப் பதிவு தானாகப் போகாது. கடன் தீர்ந்தது என்று வங்கி ஒரு ரசீதுப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அதையும் பதிவு செய்ய வேண்டும். நோ டியூ கடிதத்தைப் பதிவாளர் அலுவலகத்தில் யாரும் சீண்ட மாட்டார்கள். 2019-இல் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வங்கிக்குப் போனால், நான் கடன் வாங்கிய கிளையே இல்லை. வங்கிகளை இணைத்தபோது அதை வேறொரு கிளையோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே இருந்த எழுத்தர், "அதான் நோ டியூ குடுத்தாச்சே சார், இன்னும் என்ன வேணும்?" என்று கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டார். பழைய கோப்பு வேறெங்கோ இருக்கிறதாம், எடுத்துவர பத்து நாள் ஆகுமாம். மூன்று வாரம் ஆனது.

இதற்கிடையில் வாங்குபவர் வீட்டிலிருந்து ஒரு செய்தி: ஆடி பிறந்துவிட்டால் கிரயம் பண்ண மாட்டார்களாம். ஆனி பாதி போய்விட்டது.

ரசீதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மேலாளரே நேரில் வர வேண்டும் என்றார் பத்திர எழுத்தர். முதல் தடவை டோக்கன் போட்டுக் காத்திருந்தேன். கிளையில் ஆடிட் என்று மேலாளர் வரவில்லை. இரண்டாம் தடவை நானே காரில் போய்க் கூட்டிவந்தேன். பதினொன்றரைக்கு எங்கள் முறை. வங்கி சார்பில் கையெழுத்துப் போட அவருக்குள்ள அதிகாரப் பத்திரத்தின் நகல் எங்கே என்று கேட்டார்கள். மேலாளர் என்னைப் பார்த்தார், நான் பத்திர எழுத்தரைப் பார்த்தேன், அவர் வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார். மூவரும் திரும்பிவிட்டோம்.

மூன்றாம் தடவை நகலை முந்தின நாளே வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். போட்டோ, கைரேகை எல்லாம் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனி முடிய நான்கு நாள் இருக்கும்போது கிரயப் பதிவும் நடந்தது.

ஆகவே, விற்கிற எண்ணம் வந்தால் பெயின்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் பதிவுத்துறையின் டிஎன்ரெஜினெட் தளத்தில் உங்கள் ஈ.சி.யைப் பாருங்கள். பார்க்கக் காசு இல்லை. ரசீது பதிவான பிறகும் பழைய எம்.ஓ.டி. வரி அழியாது, பதறாதீர்கள். கீழே ரசீதும் ஒரு பதிவாக வந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, வரி. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் அதில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்ற வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். எனக்கு 62,000 பிடித்தார். அதோடு வரி முடிந்தது என்று நினைத்தேன். அது முன்கூட்டிப் பிடிப்பதுதான். லாபத்துக்கான மூலதன ஆதாய வரியைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும். வீட்டுக்குச் செய்த செலவின் பில்களை ஆடிட்டர் கேட்டார். 2012-இல் மாடியில் ஓர் அறை கட்டினோம், அந்தச் செலவை லாபத்திலிருந்து கழித்திருக்கலாம். கொத்தனாருக்குக் கையில் கொடுத்த காசு, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. புரோக்கர் கமிஷனைக் காசோலையாகக் கொடுத்திருந்தேன், அது மட்டும் தப்பியது.

பெயின்ட் பில் பத்திரமாக இருந்தது. ஆசையாக எடுத்து நீட்டினேன். "இது பராமரிப்புச் செலவு சார், கழிக்க முடியாது" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.