மூக்கைச் சொல்ல வாய் வரவில்லை

என் பிரச்சினையின் பெயர் 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர்' என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது எனக்கு வயது 24. தோற்றத்தில் இல்லாத, அல்லது மிகச் சிறிய ஒரு குறையைப் பெரிய விகாரமாக நினைத்து மனம் அதிலேயே சுழலும் நோய் அது. மூக்கு என்னைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது 16 வயதில். உறவுக்காரர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் "இவன் வருவதற்கு முன்னால் இவன் மூக்கு வந்துவிடுகிறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சொன்னவருக்கு இன்று அது நினைவில்கூட இல்லை. அடுத்த ஆறு ஆண்டுகளை இங்கே விட்டுவிடுகிறேன். கடைசி இரண்டு ஆண்டுகள் உதவி தேடி அலைந்தவை. அந்த அலைச்சலில் பாதி தேவையற்றது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் போனது அழகுச் சிகிச்சை மையம் ஒன்றுக்கு. வேறு எங்கே போவேன்? கோளாறு மூக்கில்தான் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று கோணங்களில் படம் எடுத்தார்கள். கணினித் திரையில் மூக்கை இழுத்துச் சுருக்கிக் காட்டி, முன்பணம் கட்டினால் அடுத்த வாரமே தேதி என்றார்கள். ஏன் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பணம் புரட்டுவதற்குள் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டுச் செய்" என்று அவள் பிடிவாதம் பிடிக்க, வேண்டாவெறுப்பாக இன்னொரு அறுவை மருத்துவரிடம் போனேன்.

அவர் மூக்கைப் பார்க்கும் முன்பே கேள்வி கேட்டார். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இதையே நினைக்கிறீர்கள்? அரை மணி என்று பொய் சொன்னேன். உண்மையில் நாலைந்து மணி நேரம். இதனால் எங்கெல்லாம் போகாமல் இருந்தீர்கள்? பதில் வரவில்லை. "நான் இப்போது கத்தி வைக்க மாட்டேன். வைத்தாலும் உங்களுக்குத் திருப்தி வராது, அடுத்த குறையைக் கண்டுபிடிப்பீர்கள்" என்று சொல்லிவிட்டு, மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். என்னைப் பைத்தியம் என்கிறாரே என்று பொருமிக்கொண்டு, அதை நான்காக மடித்து எங்கேயோ திணித்தேன். அந்தக் கடிதம் பின்னால் என்னை எப்படிப் பழிவாங்கியது என்று கேளுங்கள்.

ஆறு மாதம் கழித்து, தூக்கம் சுத்தமாகப் போனபின், ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். "என்ன செய்கிறது?" என்றார். "தூக்கம் வரவில்லை" என்றேன். அவ்வளவுதான். நாலு நிமிடத்தில் தூக்க மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தேன். அவர் துருவிக் கேட்கவில்லை என்று வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் மூக்கு என்ற சொல்லே என் வாயிலிருந்து வரவில்லையே, அவர் என்ன சோதிடமா பார்ப்பார்? நேரடியாகக் கேட்டாலொழிய இந்த நோய்க்காரர்கள் பலரும் தோற்றக் கவலையை மறைத்துவிடுவார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை என்று அதன் கிளைகளுக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு திரிவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

அடுத்து ஒரு பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவு. வரவேற்பு மேசையில் இருந்தவர், காத்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "என்ன பிரச்சினை? சத்தமாகச் சொல்லுங்கள்" என்றார். பின்னால் வரிசை. வாயில் வந்தது "தலைவலி". நரம்பியல் பிரிவுக்குச் சீட்டு கிழித்துக் கொடுத்தார். அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், இல்லாத தலைவலிக்காக! மறுவாரம் துணிந்து "மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்" என்றபோது, "பரிந்துரைக் கடிதம் எங்கே?" என்றார். நான்காக மடித்த அந்தக் கடிதம்தான். வீட்டைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. மறுபடி அந்த அறுவை மருத்துவரிடமே போய் நின்றேன். ஒரு வார்த்தை குத்தாமல் புதிதாக எழுதிக் கொடுத்தார். கோபத்தில் இருக்கும்போது கிடைக்கிற காகிதத்தை உடனே போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

அந்த மருத்துவமனைக்கு மூன்றாம் முறை போனபோது தந்திரம் ஒன்று செய்தேன். முந்தைய இரவே ஒரு தாளில் எழுதினேன்: "என் மூக்கு விகாரமாக இருக்கிறது என்று தினமும் பல மணி நேரம் நினைக்கிறேன். நாற்பது முறையாவது கண்ணாடி பார்க்கிறேன். முகக்கவசம் இல்லாமல் வெளியே போவதில்லை." அங்கிருந்த மனநல மருத்துவர் வாய் திறக்கும் முன் அதை நீட்டினேன். பேச நா எழாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அவர் படித்தார், சிரிக்கவில்லை. "உங்கள் மூக்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்றும் சொல்லவில்லை. 12 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 48. எண் கூடக் கூட நோய் கடுமை என்று பொருள். எனக்கு 31. வாழவே வேண்டாம் என்று தோன்றியதுண்டா என்றும் கேட்டார். உண்டு என்றேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் மழுப்பாதீர்கள்.

அவர் எழுதிக் கொடுத்த பெயர்: பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர். 1891இலேயே என்ரிகோ மோர்செல்லி என்ற இத்தாலிய மருத்துவர் வேறு பெயரில் விவரித்துவிட்டாராம். நூற்றில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இருக்கிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் கிட்டத்தட்டச் சமமாக. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்குகிறது. இதையெல்லாம் கேட்டு அங்கேயே அழுதேன். நான் கர்வி, முகத்தையே ரசிப்பவன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் பாதி நம்பியிருந்தேன்.

இன்னொரு செய்தியில் எனக்குக் கோபமே வந்தது. செல்ஃபி எடுக்கும் 12 அங்குலத் தூரத்தில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும், 5 அடி தள்ளி எடுத்தால் அந்தத் திரிபு ஏறக்குறைய மறைந்துவிடும் என்று 2018இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நான் ஆயிரக்கணக்கில் எடுத்து அழித்ததெல்லாம் அந்தத் தூரத்தில்தான்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருகிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை கொடுத்து, பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம் என்று தெளிவாகச் சொன்னார். நான் மூன்றாம் வாரமே வயிற்றுக் குமட்டலைச் சாக்கிட்டு நானாக நிறுத்தினேன். விளைவு, முதல் வாரத்திலிருந்து மறுபடி எண்ணிக்கை. குமட்டலைப் போன் செய்து சொல்லியிருந்தால் வழி சொல்லியிருப்பார்.

உளவியலாளரின் சி.பி.டி. அமர்வுகள்தான், அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சைதான், உண்மையான வேலை. கண்ணாடியிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நிற்க வேண்டும். தலை முதல் கால் வரை வர்ணிக்க வேண்டும். விகாரம், கோணல் போன்ற சொற்கள் கூடாது. கறுப்பு முடி, பழுப்பு விழி, மூக்கு, உதடு என்று கடந்து போக வேண்டும். முதல் நாள் மூக்கிலேயே பதினைந்து நிமிடம் நின்றுவிட்டேன். கண்ணாடி பார்க்கும் எண்ணிக்கையைத் தினமும் நோட்டில் குறிக்கச் சொன்னார். பிறகு முகக்கவசம் இல்லாத பஸ் பயணம், அதுவும் பக்கவாட்டு முகம் தெரியும் இருக்கையில். முதல் பயணத்தில் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி ஓடினேன். நாலாவது பயணத்தில்தான் கவனித்தேன்: பஸ்ஸில் யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினம் அக்காவுக்கு வந்தது. "மூக்கு பரவாயில்லையா?" என்று தினமும் பத்து முறை அவளிடம் கேட்பேன். இனி பதில் சொல்லக் கூடாது என்று அவளை வரவழைத்துச் சொல்லிவிட்டார்கள். முதல் வாரம் நான் கத்தினேன். அவள் கண் கலங்கிக்கொண்டே "அந்தக் கேள்விக்கு நான் விடுமுறை" என்பாள். இப்போது அது எங்கள் வீட்டு நகைச்சுவை.

ஏழு மாதத்துக்குப் பின் அளவுகோலில் 14. அதே வாரம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனேன். நான் கேட்காமலே ஸ்டூடியோக்காரர், "நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி, மூக்கைக் கொஞ்சம் மெலிதாக்கித் தரவா தம்பி? எல்லோருக்கும் செய்கிறதுதான்" என்றார். ஒரு கணம் தொண்டை அடைத்தது. "வேண்டாம் அண்ணே, அப்படியே கொடுங்கள்" என்றேன். கவரைப் பிரிக்காமல் வீடு வந்தேன் என்று எழுத ஆசைதான். பஸ்ஸில் இரண்டு முறை பிரித்துப் பார்த்தேன். நோட்டில் 2 என்று குறித்தேன்.