மேற்கெல்லை அழிந்த உறுதி

முல்லைத்தீவின் ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அம்மா கொண்டுவந்த காணி உறுதியில் 2 ஏக்கர் 1 றூட் (கால் ஏக்கர்) என்ற பரப்பும், கிழக்கே ஒழுங்கை, தெற்கே வாய்க்கால் 6 சங்கிலி என்ற குறிப்பும் மட்டுமே வாசிக்கக்கூடியதாக இருந்தன. இடப்பெயர்வில் நனைந்த மடிப்போடு மேற்கும் வடக்கும் அழிந்துவிட்டன. ஒரு சங்கிலி 20.12 மீற்றர் என்பதால், ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் தெற்குப் பக்கத்தை 120.7 மீற்றராக வரைந்து, மற்றப் பக்கத்தை 75.4 மீற்றராக வைத்துச் செவ்வகமாக மூடினால் பரப்பு அச்சொட்டாக வரும். ஆனால் வாய்க்கால் நேராக ஓடுவதில்லை. அப்படி மூடுவது அயலவரின் வேலியை நானே நகர்த்துவதற்குச் சமம். ஆகவே அவ்விரு எல்லைகளையும் தனி அடுக்கில் முறிகோடாக விட்டிருக்கிறேன். மேற்கு மூலையில் பழைய பாலைமரம் இன்னும் நிற்கிறதாம். நில அளவையாளர் அதன் ஆள்கூறுகளை எடுத்துத் தந்த பின்னரே அந்த எல்லைக்கோட்டை முழுமையாக்குவேன்.