ஸ்னாப்ஷாட்டை யார் அழிக்கலாம்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஐந்தாறு பேர் இருக்கும் கணக்கு ஆபிஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூலையில் லினக்ஸ் சர்வர், பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க், அதில் ஆளுக்கொரு சப்வால்யூம், அதாவது டைரக்டரி போலத் தெரியும் தனிப் பகுதி. தன் சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுக்க, அதாவது அந்த நேரத்து நிலையை அப்படியே பிரதியாக வைக்க, ஊழியருக்கு ரூட் (சர்வரின் முழு அதிகாரம் உள்ள கணக்கு) தயவு வேண்டாம். அந்த ஸ்னாப்ஷாட்டையே 'சப்வால்யூம் டெலீட்' கட்டளை கொடுத்து அழிக்கப்போனால் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்'. வரிப் படிவங்கள் குவியும் ஏப்ரலில் டிஸ்க் நிறைவதற்கு இதுவே போதும்.

டிஸ்கை இணைக்கும்போது கொடுக்கும் மவுண்ட் ஆப்ஷனில் 'யூசர்_சப்வால்_ஆர்எம்_அலவ்ட்' சேர்த்தால் வழி திறக்கும். அப்போதும் மேல் டைரக்டரியிலும் ஸ்னாப்ஷாட்டின் மேலும் எழுதும், நுழையும் அனுமதி இரண்டும் தேவை. உள்ளே கிடக்கும் ஃபைல்கள் யாருடையவை என்று மட்டும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பார்க்காது. பலர் எழுதும் பொது சப்வால்யூம் இருந்தால் இந்த ஆப்ஷன் பக்கமே போகாதீர்கள்.

ஸ்னாப்ஷாட் ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) என்றால் ஆப்ஷன் இருந்தும் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று மறுக்கும். உள்ளே இன்னொரு சப்வால்யூம் இருந்தால் 'டைரக்டரி நாட் எம்ப்டி'; அதை முதலில் அழிக்க வேண்டும். கெர்னல் 4.18 முதல் காலியான சப்வால்யூமைச் டைரக்டரியை நீக்கும் சாதாரண ஆர்எம்டிர் கட்டளையே நீக்கிவிடும். அதனால் எழுதக்கூடிய சொந்த ஸ்னாப்ஷாட்டுக்கு, ஆப்ஷன் இல்லாமலே, உள்ளே இருப்பதையெல்லாம் சேர்த்து அழிக்கும் 'ஆர்எம் -ஆர்' போதும். ஒவ்வொரு ஃபைலாகப் போவதால் மெதுவாக முடியும்.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. ரூட் எடுத்த பேக்கப் ஸ்னாப்ஷாட் ரூட்டுக்குச் சொந்தம் என்று நினைப்பார்கள். இல்லை. அதன் தலை டைரக்டரி மூல சப்வால்யூமின் உரிமையாளரை அப்படியே சுமந்து வரும். உரிமையாளர் அங்கே போய்ச் சேர முடிந்தால் 'ப்ராப்பர்ட்டி செட்' கட்டளையில் 'ஆர்ஓ ஃபால்ஸ்' கொடுத்து ரீட்-ஒன்லியை அவரே கழற்றலாம். அவர் கணக்கில் நுழைந்த ரேன்சம்வேரும் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) கழற்றும். ஆகவே பேக்கப் டைரக்டரியை ரூட் பெயரில், மற்றவர்கள் நுழைய முடியாத 0750 அனுமதியில் வையுங்கள். எல்லோரையும் நுழையவிடும் 0755 போதாது, உள்ளே நுழையும் வழியையே அடைக்க வேண்டும்.

அழிக்கும் கட்டளையை ரூட் அதிகாரத்தில் ஓட்ட சூடோ மூலம் ஊழியருக்கு அனுமதி கொடுப்பவர்கள், அந்தக் கட்டளையின் கடைசியில் நட்சத்திரக்குறி போடாதீர்கள். அது சாய்வுக்கோட்டையும் இடைவெளியையும் சேர்த்தே பிடிக்கும்; பின்னால் இன்னொரு பாதையை ஒட்டி எதையும் அழித்துவிடலாம். ஸ்னாப்ஷாட்டுகளை நிர்வகிக்கும் ஸ்னாப்பர் மென்பொருளின் 'அலவ்_யூசர்ஸ்' பட்டியலிலும் எடுப்பவருக்கே அழிக்கும் உரிமையும் போய்விடுகிறது, பிரித்துத் தர முடியாது. ஸ்னாப்ஷாட்டின் பெயரைச் சரிபார்த்து அழிக்கும் சின்ன ஸ்கிரிப்டை ரூட் பெயரில் எழுதி, அதற்கு மட்டும் சூடோ கொடுப்பதே உத்தமம்.

அழித்த உடனே, காலி இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' பார்த்துப் பதற வேண்டாம். இடத்தைக் கெர்னல் பின்னணியில்தான் விடுவிக்கும். முடியும்வரை காத்திருக்க 'சப்வால்யூம் சிங்க்' இருக்கிறது.