அலர்ஜி: நில்

ஓர் ஆஸ்பத்திரியின் பழைய பதிவுகளை வெளியே அனுப்பும்போது, அலர்ஜி கட்டத்தில் இருந்த ‘நில்’ (NIL, ஒன்றும் இல்லை) அத்தனையையும் ‘தகவல் கிடைக்கவில்லை’ என்று மாற்றினேன். தான் நோயாளிகளிடம் கேட்டதை நான் அழித்துவிட்டேன் என்றார் அங்கிருந்த டாக்டர். அவர் சொன்னதில் இது தப்பு என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. நான் செய்ததிலும் தப்பு இருப்பதாக இன்றுவரை எனக்குப் படவில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் என்பதுதான் குழப்பம். எழுதிப் பார்த்தால் தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

ஏபிடிஎம், அதாவது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன், இணைப்பு வேலை செய்தவர்களுக்கு எம்1, எம்2, எம்3 என்ற மூன்று கட்டங்களை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் எம்2-வில் இருந்தோம். நோயாளியின் ஆபா எண்ணோடு, அதாவது இந்தத் திட்டத்தில் அவருக்குத் தரும் பதினான்கு இலக்க எண்ணோடு, ஆஸ்பத்திரிப் பதிவுகளைக் கட்டி, அவர் சம்மதம் கொடுத்தால் வேறு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக் கொடுக்கிற கட்டம். பதிவுகள் டெல்லியில் ஒரே இடத்தில் போய்க் குவிவதில்லை. உருவான இடத்திலேயே இருக்கும், கேட்கும்போது மட்டும் போகும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், அது வேறு கதை.

ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். மேலூர், அழகர்கோவில் பக்கத்துச் சனம் அதிகம் வரும் நடுத்தர ஆஸ்பத்திரி. இனிமேல் வரும் பதிவுகளை மட்டும் அனுப்பலாம் என்று நாங்கள் சொன்னோம். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய சாஃப்ட்வேரில் கிடக்கிற பல வருடத்து ஓபி குறிப்புகளும் போக வேண்டும் என்றார். அவருடைய நோயாளிகளில் பாதிப்பேர் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே இருக்கிற டாக்டருக்கு இவர் பார்த்த பார்வை தெரிய வேண்டும். நியாயமான ஆசை.

லேப் ரிசல்ட்டுகள் பெரிய தொல்லை தரும் என்று நினைத்தேன், தரவில்லை. ஒரே டெஸ்ட் ‘எஃப்பிஎஸ்’, ‘சுகர் எஃப்’, ‘குளுக்கோஸ் ஃபாஸ்டிங்’ என்று மூன்று பெயரில் இருந்தது. லேப் டெக்னீஷியனோடு உட்கார்ந்து மூன்றையும் 1558-6 என்ற லாய்ங்க் எண்ணில் (லேப் டெஸ்ட்டுகளுக்கான உலகப் பொது எண்) கட்டினோம். விரல் நுனியில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்ததை அதில் கலக்காமல் தனியாக வைத்தோம். சவூதியிலிருந்து லீவில் வருகிறவர் ரிப்போர்ட்டில் வெறும்வயிற்றுச் சுகர் 7 என்று இருக்கும், நம்மூர் லேபில் 126 என்று இருக்கும். அலகுதான் வேறு, 18-ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்று. கிரியாட்டினினை 88.4-ஆல் வகுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்கள், குடும்பம் பூராவுக்கும் ஒரே செல்நம்பர், பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று இந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தது. ஆனாலும் இவை எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கும், இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் இருப்பார்.

அலர்ஜி கட்டத்துக்கு இரண்டும் இல்லை.

பழைய சாஃப்ட்வேரில் அது வெறும் எழுத்துக் கட்டம், என்ன வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆங்காங்கே ‘பென்சிலின்’, ‘சல்ஃபா’, ‘டைக்ளோ ஊசி’. ஓரிடத்தில் ‘கத்திரிக்காய்’. மற்றபடி பக்கம் பக்கமாக ‘நில்’. சிலதில் ஒரு கோடு, சிலதில் ஒரு புள்ளி. ஆரம்ப வருடங்களில் மட்டும் கொஞ்சம் ‘என்.கே.டி.ஏ.’, அதாவது தெரிந்தவரை மருந்து அலர்ஜி இல்லை. அப்படி எழுதுகிற பழக்கம் ரிசப்ஷனில் யாருக்கும் கிடையாது, அது டாக்டர் கை. அதற்கு ஸ்னோமெட்டில், அதாவது மருத்துவச் சொற்களுக்கு எண் கொடுக்கிற உலகப் பொதுப் பட்டியலில், 409137002 என்று எண்ணே இருக்கிறது. அதை நடத்தும் அமைப்பில் இந்தியா 2014-லேயே உறுப்பு நாடாகிவிட்டதால் ஸ்னோமெட்டுக்குப் பைசா செலவில்லை. மத்திய அரசு 2013-ல் வெளியிட்டு 2016-ல் திருத்திய மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளிலும் அது இருக்கிறது. போட்டு அனுப்பினோம்.

‘நில்’லுக்கு 716186003 தயாராக வைத்திருந்தேன். தெரிந்தவரை எந்த அலர்ஜியும் இல்லை என்று அர்த்தம். எந்தச் சொல்லுக்கு எந்த எண் என்று குறிக்கிற மேப்பிங் ஷீட்டில் அந்த வரியை நிரப்பியும் விட்டேன். அன்றைக்கு மதியம் கூட்டம் குறைந்திருந்ததால் ரிசப்ஷன் அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், இந்தக் கட்டத்தில் எல்லாமே ‘நில்’லாக இருக்கிறதே என்று.

“அது காலியா இருந்தா டோக்கன் விழாது சார். காலையில வாசல் வரைக்கும் ஆள் நிக்கும். நில்லுன்னு போட்டுத் தட்டிவிட்ருவோம்.”

“கேட்டுட்டுப் போடுவீங்களாக்கா?”

“கேக்க எங்கிட்டுச் சார் நேரம்? அதான் உள்ள டாக்டர் கேப்பாருல்ல.”

அக்கா சொன்னது உண்மை. உள்ளே டாக்டர் கேட்கத்தான் செய்தார். நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எந்த மாத்திரை ஒத்துக்காது, ஊசி போட்டு எப்போதாவது தடித்திருக்கிறதா, மூச்சு வாங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஏதாவது இருந்தால் ‘நில்’லை அழித்துவிட்டு மருந்தின் பெயரை அடிப்பார். ஒன்றும் இல்லையென்றால் அவர் எதையும் தொட வேண்டியதில்லை. அவர் எழுத வேண்டியது ஏற்கனவே அங்கே இருந்தது. அவசரத்தில் டாக்டர் கேட்காமல் விட்ட நாளிலும் அதே ‘நில்’. ட்யூட்டி டாக்டர் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதி அனுப்பிய இரவிலும் அதே ‘நில்’. கேட்டதும் கேட்காததும் ஒரே மூன்றெழுத்தாகக் கிடந்தன.

அக்காவிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்காமலிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. 716186003 போயிருக்கும், எல்லாரும் சந்தோஷமாக இருந்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் இருக்கும்வரை அந்த ‘நில்’லால் யாருக்கும் கேடில்லை என்றுதான் நினைக்கிறேன். அது எப்படி வந்தது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். நர்ஸ்கூட அதை நம்பி ஊசி போட மாட்டார். வெளியே போகும்போதுதான் அது வேறொன்றாக ஆகிறது. எங்கோ ஒரு கேஷுவாலிட்டியில், நோயாளி பேசுகிற நிலையில் இல்லாதபோது, திரையில் ஆஸ்பத்திரியின் பெயரோடும் ஸ்னோமெட் எண்ணோடும் ‘அலர்ஜி இல்லை’ என்று நிற்கும். டோக்கன் விழுவதற்காக அடித்தது என்று அதன் நெற்றியில் எழுதியிருக்காது. தரநிலைக்கு மாற்றுவது என்றால் சொல்லைச் சுத்தமாக்குவது மட்டுமில்லை, அதற்கு அதிகாரமும் கொடுத்துவிடுகிறோம்.

அப்படியே எழுத்தாக அனுப்பலாமா என்று ஒரு யோசனை வந்தது. எண் எதுவும் வேண்டாம், மூலத்தில் இருந்தபடி ‘நில்’, கூடவே ‘உறுதி செய்யப்படவில்லை’ என்ற குறி. பதிவுகளைப் பரிமாறுவதற்கான தரநிலையான ஃபயரில் (FHIR) அதற்கு இடமுண்டு. சோதனைக்கு அனுப்பினோம். பெறுகிற ஆப்பில் சிவப்பு எழுத்தில் வந்து நின்றது: அலர்ஜி உள்ளது, நில். சிரித்து முடிக்க நேரமானது.

மிச்சமிருந்தது ஒரே வழி, அந்தப் பகுதியைக் காலியாக அனுப்பிக் காரணத்தைச் சொல்வது. ஃபயரை எழுதியவர்கள் இதைப் பற்றி நிறையவே யோசித்திருக்கிறார்கள். ஒரு பகுதி ஏன் காலி என்பதற்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு: தெரிந்தவரை ஒன்றும் இல்லை, கேட்கப்படவில்லை, தகவல் கிடைக்கவில்லை, இன்னும் சில. ‘கேட்கப்படவில்லை’ என்று போட மனம் வரவில்லை. டாக்டர் கேட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேனே. ‘தகவல் கிடைக்கவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பழைய ‘நில்’ அத்தனைக்கும்.

டாக்டர் தன் அம்மாவின் ஆபாவில் பதிவுகளை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். செல்லை என் முன்னால் நீட்டினார்.

“இது என்ன தம்பி, அலர்ஜியில தகவல் இல்லைன்னு வருது? எங்க அம்மாகிட்ட நான் கேக்காமலா இருந்திருப்பேன்?”

டோக்கன் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாமலில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சரி, அவங்க கேக்கலை. நான் கேட்டேன்ல? நான் கேட்டதை நீ அழிச்சிட்டே.”

“பிரிச்சு எடுக்க வழியில்ல சார். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு.”

“வெறுங்கட்டத்தைப் பார்த்தா அங்க இருக்கிற டாக்டர் கேப்பாருன்னு நீயா நினைச்சுக்கிறே. கேக்கிறவன் எதைப் பார்த்தாலும் கேப்பான். கேக்காதவன் வெறுங்கட்டத்தைப் பார்த்தாலும் கேக்க மாட்டான். நடுவுல போனது என் வேலை மட்டும்தான்.”

இதற்கு நான் சொன்ன பதில்: “ஸ்டாண்டர்ட்ல அப்படித்தான் சார் வருது.”

அவர் மேற்கொண்டு பேசவில்லை. ஸ்டாண்டர்ட் என்றதும் பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அது பொய்யில்லை. காலி என்றால் காரணம் சொல் என்று தரநிலை சொல்கிறது, சொன்னேன். ஆனால் இந்த ‘நில்’ காலிதான் என்று எந்தத் தரநிலையும் சொல்லவில்லை. அதைச் சொன்னது நான். அதை நானாகச் சொன்னேன் என்று அவரிடம் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சண்டை போட்டிருப்பார். ஒருவேளை அந்தச் சண்டையில் ஏதாவது வழி பிறந்திருக்கலாம். அடிக்கடி வருகிற நோயாளிகளின் பட்டியலை எடுத்து, இவர்களை எனக்குத் தெரியும் என்று அவரே ஒப்பமிட்டுத் தந்திருக்கலாம். பிறக்காமலும் போயிருக்கலாம்; வருகிற கூட்டத்தில் அவருக்கு எங்கே நேரம்.

இன்னொரு பக்கம் யோசித்தால் கோபம்கூட வருகிறது. ‘என்னை நம்பு’ என்பதுதானே அவர் சொன்னதன் சாரம்? அவரை நம்புகிறேன். அவர் எழுதியதாக எதுவும் இல்லாத இடத்தில் எதை நம்புவது? ட்யூட்டி டாக்டரையும் சேர்த்தல்லவா நம்பச் சொல்கிறார். தப்பான ‘இல்லை’ ஒன்று யார் கைக்குப் போகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெறுங்கட்டம் யாரையும் கொல்லாது என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். அதுவும் முழுக்கச் சரியில்லை. காலியான பகுதியை நாலு தரம் பார்த்த டாக்டர் ஐந்தாவது தரம் அந்தப் பக்கமே போக மாட்டார். அங்கே நிஜமாகவே ‘பென்சிலின்’ இருந்தாலும். இணைக்கிற பதிவுகளுக்கு 2023 ஜனவரியில் ஊக்கத்தொகை வேறு தொடங்கியது. அந்தக் கணக்குக்கு நிரம்பிய பதிவும் ஒன்றுதான், வெறும் பதிவும் ஒன்றுதான்.

புதுப் பதிவுகளுக்கு முறையை மாற்றினோம். கட்டத்தை ரிசப்ஷனிலிருந்து எடுத்து, பிரஷர் பார்க்கும் நர்ஸ் மேஜைக்குக் கொண்டு போனோம். மூன்று தேர்வுகள்: ‘உண்டு’, ‘கேட்டேன், இல்லை’, ‘கேட்கவில்லை’. யார் தேர்ந்தெடுத்தார், எப்போது என்பதும் கூடவே போகும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முதல் நாளே நர்ஸ் ஒருவர் மூன்றாவதைக் காட்டிக் கேட்டார்: “கேக்கலைன்னு நானே எழுதிக் குடுக்கவா சார்? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

என்னிடம் பதில் இல்லை. ‘கேட்கப்படவில்லை’ என்று எழுத தரநிலையில் இடம் இருக்கிறது, ஆனால் அதைத் தன் பெயரில் எழுதிவைக்க ஒரு மனுசருக்கும் துணிச்சல் வராது. வராததில் அவர்கள் குற்றம் என்ன? மூன்றாவது தேர்வு இன்றுவரை அபூர்வமாகத்தான் வருகிறது. உண்மையாகவே எல்லாரிடமும் கேட்கிறார்கள் என்றும் இருக்கலாம். ஓபி நேரத்தில் அந்த மேஜைக்கு முன்னால் நிற்கிற வரிசையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

டாக்டர் இதை விடவில்லை. அடுத்த முறை போனபோது கேட்டார்: “இப்ப வர்ற இல்லையை மட்டும் எப்படி நம்பி நம்பர் போட்டு அனுப்புறே?”

“பேரும் நேரமும் இருக்கு சார்.”

“பேரு இருந்தா கேட்டதா ஆயிருமா?”

ஆகாது. ஆனால் பின்னால் போய் விசாரிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. பழைய ‘நில்’கள் சர்வரில் அப்படியே இருக்கின்றன, எதையும் அழிக்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்தால் மாற்றி அனுப்ப அதிக நேரம் ஆகாது. அவரும் எழுதிக் கொடுக்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

இப்போது திருமங்கலம் பக்கம் வேறோர் ஆஸ்பத்திரியில் வேலை. சாஃப்ட்வேர் வேறு, அலர்ஜி கட்டம் அங்கேயும் கட்டாயம், பக்கம் பக்கமாக ‘நில்’. அதே முடிவைத்தான் ஷீட்டில் எழுதிக் கொண்டுபோனேன். என்னென்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போயிருந்தேன். அங்கே டாக்டர் ஷீட்டை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, “நீங்களே பார்த்துச் செஞ்சிருங்க” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அலர்ஜி வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூட அவர் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை.